விலைப்பட்டியலுக்கு அப்பால்: பழைய சோல், ஃபங்க் இசைத்தட்டுகள் குறித்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகளின் மறுவருகை பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை வாசித்தேன். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு இசைத்தட்டுகள் ஈட்டிய வருவாய், 1986க்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தகடுகளின் வருவாயை விஞ்சிவிட்டது என்ற செய்தியில் தொடங்கிய அக்கட்டுரை, ஏலங்களில் பெருந்தொகைக்குக் கைமாறிய சில தட்டுகளைப் பட்டியலிட்டுவிட்டு, எல்லாப் பாடல்களும் கைபேசியிலேயே கிடைக்கும் காலத்தில் பிறர் கேட்டுத் தேய்த்த தட்டுகளை வாங்கிச் சேர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற முடிவுக்கு வந்திருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையும் ஃபங்க் இசையும் அடங்கிய பழைய எல்.பி. தட்டுகளை, அதாவது பல பாடல்கள் கொண்ட பெரிய தட்டுகளை, நெடுங்காலமாகத் தேடிச் சேர்த்துவருபவன் என்ற முறையில், அந்த முடிவு பிழையானது என்று கருதுகிறேன். விலையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டதால் வந்த பிழை அது.

இந்தத் துறையில் செய்தியாவது எப்போதும் விலைதான். மோட்டவுன் நிறுவனம் 1965இல் 'சோல்' என்ற தன் துணை வெளியீட்டுப் பெயரில் அச்சிட்டு, முறையாக வெளியிடாமலே கைவிட்ட ஃபிராங்க் வில்சனின் ஒற்றைப் பாடல் தட்டு ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனதைப் பத்திரிகைகள் ஆர்வத்தோடு வெளியிட்டன. அந்த விலைக்குப் பின்னால் 'நார்தர்ன் சோல்' என்று பெயர்பெற்ற ஒரு ரசனை மரபு இருக்கிறது. 1973இல் தொடங்கிய விகன் கசீனோ போன்ற இங்கிலாந்தின் வடபகுதி நடன அரங்குகளில், அமெரிக்காவில் ஓடாமல் போன தட்டுகளுக்குத்தான் தனி மதிப்பு இருந்தது. தாம் கண்டெடுத்த தட்டின் பெயர் போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று அங்கிருந்த டி.ஜே.க்கள் தட்டின் நடுவிலுள்ள லேபிளின் மீது தாளை ஒட்டி மறைத்தார்கள். சுவையான உலகம்தான். ஆனால், அது அரிய ஒற்றைப் பாடல் தட்டுகளின் உலகம். என்னைப் போல எல்.பி. தட்டுகளைச் சேர்ப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் அரியவற்றை அல்ல. தம் காலத்தில் மிக நன்றாக விற்று, எண்ணற்ற வீடுகளில் ஓடி ஓடித் தேய்ந்து, இன்று மலிவுப் பெட்டிகளில் கிடக்கும் அரீதா ஃபிராங்க்ளினையும் ஆல் கிரீனையும் ஓஜேஸ் குழுவினரையும்தான். அவற்றை வாங்கப் பெரும் வசதி தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

அப்படியானால் கைபேசியில் இருக்கும் அதே பாடல்களுக்காக ஏன் அந்தப் பெட்டிகளைக் குடைய வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்கலாம். பாடல் ஒன்றே என்றாலும், அந்தப் பாடல் எப்படி உண்டானது, யாருடைய உழைப்பு, யாருடைய உடைமை என்ற செய்திகள் உறையிலும் லேபிளிலும் தட்டின் ஓரத்திலும்தான் பதிந்திருக்கின்றன. சில சமயங்களில் அவை இல்லாமலிருப்பதே செய்தியாகிறது.

மோட்டவுனை எடுத்துக்கொள்வோம். பெர்ரி கோர்டி 1959இல் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று டெட்ராய்ட் நகரில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு, வெஸ்ட் கிராண்ட் பூல்வார்ட் சாலையில் இருந்த ஒரு சாதாரண வீடே ஒலிப்பதிவுக்கூடம். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ் என்று எந்தக் குழுவின் பெயர் உறையில் இருந்தாலும், உள்ளே வாசித்தவர்கள் பெரும்பாலும் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்ட அதே கலைஞர்கள்தான். அவர்களுள் தாழ்சுருதி தரும் பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஒரே ஒரு சுட்டுவிரலால் வாசித்து, அதுவரை பின்னணியில் முனகிக்கொண்டிருந்த அந்த வாத்தியத்தைப் பாடகருக்கு இணையாகப் பேசவைத்தவர். 1960களின் மோட்டவுன் உறைகளை எத்தனை புரட்டினாலும் அவருடைய பெயர் கண்ணில் படாது. பாடகர்களின் புகைப்படம் இருக்கும், புகழுரை இருக்கும், பாடலாசிரியர் பெயர் இருக்கும்; வாசித்தவர் பெயர் இருக்காது. 1971 மே மாதம் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தபோதுதான் ஒரு மோட்டவுன் எல்.பி.யின் உறையில் அந்த வாத்தியக்காரர்கள் பெயரோடு அறியப்பட்டார்கள். மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. அவர்களில் பலர் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டார்கள். 1960களின் பழைய உறைகளையும் 1971இன் உறையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, பன்னிரண்டு ஆண்டுக் காலம் ஒரு பெரிய நிறுவனம் எதைச் சொல்லாமல் விட்டது என்பது யாரும் எடுத்துரைக்காமலே விளங்கும்.

மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கதை இதைவிடவும் தெளிவாகத் தட்டுகளிலேயே தெரிகிறது. ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டனும் 1957இல் வேறொரு பெயரில் தொடங்கி, 1961 முதல் தங்கள் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ் என்று நடத்திய நிறுவனம் அது. மெக்லமோர் அவென்யூவில் இருந்த ஒரு பழைய திரையரங்கைத்தான் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் பொது இடங்களில் சேர்ந்து அமர முடியாதிருந்த ஊரில், புக்கர் டி. ஜோன்ஸும் ஆல் ஜாக்சனும் ஸ்டீவ் கிராப்பரும் ஒரே குழுவாக உட்கார்ந்து வாசித்தார்கள். அந்நிறுவனத்தின் தொடக்ககாலத் தட்டுகளின் லேபிள் வெளிர் நீல நிறத்தில் இருக்கும். அதில் அடுக்கிவைத்த இசைத்தட்டுகளின் படம் இருக்கும். 1968க்குப் பிறகு வந்தவற்றில் லேபிள் மஞ்சளாகிவிடும். சொடுக்குப் போடும் கை ஒன்று சின்னமாக வந்துவிடும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் இதை வெறும் வடிவமைப்பு மாற்றம் என்றே எண்ணுவார்கள்.

நடந்தது வேறு. ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்துவந்த அட்லாண்டிக் நிறுவனம் 1967இல் வேறொரு பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அப்போது பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோதுதான், அதுவரை தாங்கள் விநியோகத்துக்குக் கொடுத்த பதிவுகளின் உரிமை முழுவதும் அட்லாண்டிக்கையே சேரும் என்ற ஷரத்து அதில் இருப்பது ஸ்டாக்ஸ்காரர்களுக்குத் தெரியவந்தது. 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் தங்கள் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கை இழந்திருந்தார்கள். சில மாதங்களில் அவர் பாடிவைத்த பாடல்களையும் இழந்தார்கள். கையில் ஒரு பழைய பதிவும் இல்லாத நிலையில், ஆல் பெல் என்பவரின் முயற்சியால் 1969இல் ஒரே வீச்சில் 27 எல்.பி.க்களை வெளியிட்டு நிறுவனத்தை மீண்டும் நிமிர்த்தினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றாக வந்ததுதான் ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்ட் சோல்'. மொத்தமே நான்கு பாடல்கள். அவற்றில் ஒன்று பதினெட்டு நிமிடங்களைத் தாண்டும். வானொலியில் மூன்று நிமிடப் பாடல்கள் மட்டுமே ஓடிய காலத்தில், எண்ணிக்கைக்காக வெளியிட்ட குவியலில் இருந்த இந்தத் தட்டு பெருவெற்றி பெற்றது. 27 எல்.பி. என்ற அந்த நெருக்கடி இல்லாதிருந்தால் இத்தனை துணிச்சலான ஒன்றை வெளியிட அனுமதித்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே. 1975இல் ஸ்டாக்ஸ் திவாலானது. 1989இல் அந்தத் திரையரங்கக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். 2003இல் அதே இடத்தில் அதே தோற்றத்தில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. இத்தனைக்கும் சாட்சியாக, நீல லேபிளும் மஞ்சள் லேபிளும் ஒரே மலிவுப் பெட்டியில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

அட்லாண்டிக் தட்டுகளிலும் இப்படிப் படிக்கக் கிடைக்கும் செய்திகள் உண்டு. லேபிளின் அடியில் 1841 பிராட்வே என்ற முகவரி இருந்தால் அது 1970களின் நடுப்பகுதிக்கு முந்திய அச்சு. 75 ராக்கஃபெல்லர் பிளாசா என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. பாடல் முடிந்து லேபிளுக்கு முன்னால் எஞ்சும் வெற்று வளையத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் கீறல் எழுத்துகள், எந்த 'லாக்கர்' என்னும் மூல வெட்டுத் தட்டிலிருந்து, சில வேளைகளில் எந்தத் தொழிற்சாலையில் அந்தப் படி அச்சானது என்பதைச் சொல்லும். விற்பவர்கள் இவற்றை விலையேற்றப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையே. அதற்காக அவற்றின் செய்தி பொய்யாகிவிடாது.

செய்தி என்று நான் சொல்வது வெறும் ஆர்வத்துக்கான துணுக்குகளை அல்ல. 1978 பிப்ரவரியில் நியூஜெர்சி மாநிலத்தின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் நிறுவனத்தின் கிடங்கு தீப்பற்றியபோது, அந்நிறுவனத்தின் 1950கள், 1960களின் ஒலிப்பதிவு நாடாக்களில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. வெளிவராத பாடல்களும் ஒரே பாடலின் மாற்று வடிவங்களும் அவற்றோடு போயின. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தின் வளாகத்தில் பரவிய தீயிலும் மூல நாடாக்கள் அழிந்தன. மூல நாடா பாதுகாப்பாக எங்கோ இருக்கிறது, அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் புதிதாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை, இந்த இசையைப் பொறுத்தவரை எப்போதும் செல்லுபடியாகாது. நாடா இல்லாதபோது நன்கு பாதுகாக்கப்பட்ட ஒரு பழைய படியே மூலத்துக்கு மிக அருகில் இருக்கும் பொருளாகிவிடுகிறது. சிறு நிறுவனங்களின் மறுபதிப்புகள் சில, இத்தகைய தட்டுகளிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

ஒரே பாடல் எங்கும் ஒன்றே என்ற எண்ணமும் சரியன்று. 1965 ஜூலையில் ஏறத்தாழ ஒரே பகலிரவில் பதிவுசெய்யப்பட்ட ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் புளூ' மோனோவாகவும் (ஒற்றை ஒலித்தடம்) ஸ்டீரியோவாகவும் (இட, வல ஒலித்தடங்கள்) தனித்தனித் தட்டுகளாக வந்தது. அதில் உள்ள 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' ஏற்கெனவே மோனோவில் வெளிவந்து வெற்றிபெற்ற பாடல். ஸ்டீரியோ தட்டுக்காக அதை மறுபடியும் பாடிப் பதிவுசெய்தார்கள். ஆகவே ஒரே எல்.பி.யின் இரு பதிப்புகளில் ஒரே தலைப்பில் இரு வேறு பாடுதல்கள் இருக்கின்றன; எது கைக்கு வந்தது என்பதை உறையின் மேல்விளிம்பைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 1971ஆம் ஆண்டு எல்.பி.யில் தலைப்புப் பாடலின் நேரம் 0:00 என்று அச்சிடப்பட்டிருக்கும். அப்படியொரு பாடல் தட்டில் இல்லவே இல்லை. இப்படிப்பட்ட குறும்பு, அச்சிட்ட எழுத்தும் ஓடும் ஊசியும் ஒருசேரக் கண்முன் இருக்கும்போதுதான் முழுதாக உறைக்கும்.

ஜேம்ஸ் பிரவுனின் 'லைவ் அட் த அப்பல்லோ' இன்னொரு வகை. நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் 1962 அக்டோபர் 24 அன்று நடந்த கச்சேரியைத் தட்டாக்க, அவருடைய கிங் நிறுவனத்தின் அதிபர் சிட் நேதன் பணம் தர மறுத்தார்; பிரவுன் தம் கைப்பணத்தைப் போட்டுப் பதிவுசெய்தார். மறு ஆண்டு வெளிவந்த அந்தத் தட்டில், பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் 'லாஸ்ட் சம்ஒன்' ஒரு பக்கத்துக்குள் அடங்காமல் இரண்டாகப் பிரிந்திருக்கும். பாடகர் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே முதல் பக்கம் முடிந்துவிடும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டால் அவர் இன்னும் மன்றாடிக்கொண்டிருப்பார். பிற்காலக் குறுந்தகடுகளில் அந்த இடைவெளியை ஒட்டிவிட்டார்கள். கச்சேரி என்ற வகையில் அதுவே சரி. ஆனால், 1963இல் அதை வாங்கியவர்கள் கேட்ட விதம் அதுவல்ல. அன்றைய வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு பக்கத்தை முழுதாக ஓடவிட்டு, திருப்பிப்போடும் இடைவேளையில் விளம்பரம் சொன்ன விதமும் அதுவல்ல.

இனி, பிறர் கேட்டுத் தேய்த்தவை என்ற குறைக்கு வருகிறேன். தேய்ந்தவைதான். சோல், ஃபங்க் தட்டுகள் ஒழுங்காக அலமாரியில் உறங்கியவை அல்ல. விருந்துகளில், நடனங்களில், கைக்குக் கை மாறி ஓடியவை. விருந்து முடிந்து தன் தட்டு தன்னோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகப் பலர் உறையிலும் லேபிளிலும் பேனாவால் தங்கள் பெயரை எழுதிவைத்தார்கள். விலைப்பட்டியல்களின்படி இது குறை. பெயர் எழுதிய படிக்கு மதிப்பு இறங்கும். எனக்கோ பெயர் எழுதிய படிகளின் மீது தனிப்பற்று உண்டு. அந்தப் பெயர்களை அழிக்கும் திரவங்களைப் பரிந்துரைப்போரைக் கண்டால் சற்றே எரிச்சலும் உண்டு.

உண்மையான கேடு பேனாவால் வருவதில்லை, ஊசியால் வருகிறது. அக்காலத்துப் பல வீட்டு இசைத்தட்டு இயக்கிகளின் ஊசிமுனை ஐந்து கிராமுக்கும் மேலான பளுவோடு தட்டை அழுத்தியது. இன்றைய நல்ல ஊசிகள் இரண்டு கிராம் அளவில் ஓடுகின்றன. பளுவான, மழுங்கிய ஊசி உழுத தடங்கள் வெளிச்சத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பாடகர் குரலை உயர்த்தும் இடங்களிலும், தடம் குறுகும் கடைசிப் பாடலிலும் ஒலி கரகரத்துச் சிதறும். எந்தக் கழுவலாலும் அதை மீட்க முடியாது. வாங்குமுன் தட்டை ஒற்றை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், இருட்டில் தடவித் தடவிப் பலமுறை மாட்டப்பட்ட தட்டு அது என்று கொள்ளலாம். மாறாக, மேலோட்டமான கீறல்கள் பார்வைக்கு அச்சமூட்டினாலும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. 1960களின் கனமான அச்சுகள் அழுக்கேறிக் கிடந்தாலும், காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்புக் கலந்து தடத்தின் போக்கிலேயே மென்தூரிகையால் துடைத்துக் காயவைத்தால், பல நேரங்களில் வியக்கும்படி பாடும்.

பழையது எல்லாமே உயர்ந்தது என்று வாதிடுவதும் என் நோக்கமன்று. சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் பரப்பிக்கொள்ளும் மூடநம்பிக்கை அது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் தட்டுக்கான பிளாஸ்டிக் மூலப்பொருள் தட்டுப்பாடானபோது, மெலிந்த தட்டுகளும், பழைய தட்டுகளை அரைத்துக் கலந்து செய்த இரைச்சலான தட்டுகளும் சந்தைக்கு வந்தன. ஃபங்க் இசையின் பொற்காலமும் அதுவே என்பது துரதிர்ஷ்டம். ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கும் மேல் பாடல்களைத் திணித்த தட்டில் தடங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால், ஃபங்குக்கு உயிரான பேஸ் மெலிந்துதான் ஒலிக்கும். இவ்வாறான எல்.பி.க்களை இரண்டு தட்டுகளாகப் பிரித்து வெட்டிய புதிய மறுபதிப்பு கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். மூலையை வெட்டியோ துளையிட்டோ குறியிட்ட உறைகளைக் கண்டும் தயங்க வேண்டியதில்லை. விற்காமல் தேங்கியவற்றை நிறுவனங்கள் கழிவு விலைக்குத் தள்ளியதன் அடையாளம் அது. உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் ஊசி அதிகம் படாதது.

வாங்கும்போது உறைக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டிய தட்டுகளும் உண்டு. ஸ்டீவி வொண்டரின் 1976ஆம் ஆண்டு இரட்டைத் தட்டான 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்' வெளிவந்தபோது, நான்கு பாடல்கள் அடங்கிய ஏழு அங்குலத் தட்டு ஒன்றும் 24 பக்கக் கையேடு ஒன்றும் அதோடு சேர்ந்தே வந்தன. இன்று கிடைக்கும் பல படிகளில் அந்தச் சிறு தட்டு இருக்காது. அவருடைய 1972ஆம் ஆண்டு 'டாக்கிங் புக்' முதல் அச்சுகளின் உறையில் பிரெயில் எழுத்துகள் புடைப்பாக இருந்தன. பார்வையற்ற ஒரு கலைஞர் தம் தட்டின் பெயரைத் தம்மைப் போன்றவர்கள் தடவிப் படிக்கும்படி செய்திருந்தார். பிந்திய அச்சுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஐசக் ஹேய்ஸின் 1971ஆம் ஆண்டு 'பிளாக் மோசஸ்' உறையைப் பிரித்து விரித்தால், நீண்ட அங்கி அணிந்த அவருடைய உருவம் சிலுவை வடிவில் நான்கடி உயரத்துக்கு நிற்கும். திரையில் விரல்நக அளவில் தெரியும் அதே அட்டைப்படத்தைப் பார்த்து அவர் எதைச் சொல்ல முயன்றார் என்று யாரும் ஊகிக்க முடியாது.

கட்டுரையாளர் எழுப்பாத, ஆனால் எழுப்பியிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. பயன்படுத்திய தட்டை வாங்கும்போது அந்தப் பணத்தில் ஒரு சல்லிகூடக் கலைஞருக்குப் போவதில்லை. முதல் விற்பனையோடு உரிமையாளரின் விநியோக உரிமை முடிந்துவிடுகிறது என்பதே அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை. அதனால்தான் பழைய தட்டுக் கடைகளே சட்டப்படி இயங்க முடிகிறது. ஆனால், ஃபங்க் இசையைப் பொறுத்தவரை இது சற்று உறுத்தும் விஷயம். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவான ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில நொடி டிரம்ஸ், பிற்கால ஹிப்ஹாப் தட்டுகள் நூற்றுக்கணக்கானவற்றில் வெட்டி ஒட்டப்பட்டது. அந்தப் பாடல் வெளிவந்த காலத்தில் எந்த எல்.பி.யிலும் இடம்பெறவில்லை, 1986இல் 'இன் த ஜங்கிள் குரூவ்' தொகுப்பில்தான் சேர்ந்தது. பாடலின் உரிமை பிரவுனின் பெயரில் இருந்ததால், 2017இல் மறைந்த ஸ்டபிள்ஃபீல்டுக்கு அந்த ஒட்டுகளிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை. இன்று அந்தப் பழைய தட்டை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அந்த அநீதியில் ஓர் இம்மியும் குறையாது.

ஆகவே உயிரோடிருக்கும் கலைஞருக்கோ அவர் குடும்பத்துக்கோ முறையாகக் கணக்குத் தீர்த்து வெளியிடப்படும் மறுபதிப்பு இருக்குமானால், அதையும் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 2003இல் சிகாகோவில் தொடங்கிய நியூமரோ குரூப், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் இயங்கி மறைந்த கேப்சோல் என்ற சிறு இசை நிறுவனத்தின் பாடல்களைத் தேடித் தொகுத்ததை முதல் வெளியீடாகக் கொண்டது. பதிவுசெய்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் கதையை விரிவான குறிப்புகளாக அச்சிடுவது அதன் வழக்கம். 1970களில் மூன்று துணிச்சலான ஃபங்க் தட்டுகளை வெளியிட்டுவிட்டு இசையுலகிலிருந்து விலகிப்போன பெட்டி டேவிஸை, 2007இல் லைட் இன் த ஆட்டிக் நிறுவனத்தின் மறுபதிப்புகள்தான் புதிய தலைமுறையிடம் சேர்த்தன. 2022இல் அவர் மறைந்தபோது அவருடைய பெயர் மறக்கப்பட்ட பெயராக இல்லை. பழைய படியைத் தேடிச் சுமந்த சேகரிப்பாளர்களின் பேச்சும் எழுத்தும் இல்லாமல் இத்தகைய மறுபதிப்புகள் வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உறையைச் சுற்றிய பிளாஸ்டிக் மேலுறையைக்கூடப் பிரிக்காமல் விலையேற்றத்துக்காகப் பூட்டிவைப்பவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஊசி படாத தட்டினால் யாருக்கும் எதுவும் தெரியவரப்போவதில்லை.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் சிறியது. இனி ஏதேனும் ஒரு பழைய எல்.பி. பற்றி எழுத நேரும்போது, அது என்ன விலைக்குப் போனது என்பதோடு, யார் வாசித்தார்கள், எந்த ஊரில் எந்தக் கூடத்தில் பதிவானது, இன்று அதன் உரிமை யாரிடம் இருக்கிறது, விற்பனையில் உள்ள மறுபதிப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். முதல் இரண்டுக்கும் பல சமயங்களில் உறையின் பின்பக்கத்தைப் படித்தாலே விடை கிடைத்துவிடும். பெரியவர்கள் விட்டுச்சென்ற தொகுப்பை என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கும் குடும்பங்களுக்கு, இந்த இசைக்கென்றே காப்பகங்கள் இருக்கின்றன என்ற தகவலும் பயன்படும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1991 முதல் ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கும் பண்பாட்டுக்குமான காப்பகம் ஒன்று இயங்கிவருகிறது.

கட்டுரையோடு வெளியான புகைப்படத்தைப் பற்றியும் ஒரு சொல். அதில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, மார்பளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அப்படி அடுக்கினால் அடியிலுள்ள உறைகளில் தட்டின் வட்டம் தேய்ந்து பதியும். நாளடைவில் தட்டுகளும் வளையும். அவற்றைப் புத்தகங்களைப் போல நிமிர்த்தி, சாயவிடாமல், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். அந்தத் தட்டுகள் யாருடையவையாக இருந்தாலும், இதை அவரிடம் தெரிவித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்